நீல ரிப்பன் கட்டிய பாட்டில்

துப்பறிவாளர் நிதானத்தின் அலுவலகத்துக்கு ஏறி வரும் மரப்படிகள் மகா வாயாடிகள். பூனை ஏறினால் யானை ஏறுவதுபோல அலறும். ஒருமுறை தபால்காரர் ஏறியபோது, கீழ்க்கடைக்காரர் பூகம்பம் என்று நினைத்துக் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட படிகளையும் ஊமையாக்கிவிட்டு அந்த அம்மாள் வந்து நின்றாள்.

நிதானம் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். ஒரு காபியை அரை மணி நேரம் குடிப்பார். திருடனைத் துரத்தும்போதும் நடந்துதான் போவார். சில திருடர்கள் காத்திருந்து அலுத்துப்போய்த் தாங்களே வந்து சரணடைந்ததாகக் கேள்வி. அவருடைய உதவியாளன் கோந்து நேர்மாறு. நாற்பது வயதிலும் ஓரிடத்தில் நிற்காதவன். யாரையாவது பின்தொடரச் சொன்னால், அவர் வீட்டுக் கல்யாணப் போட்டோவில் முதல் வரிசையில் நிற்கிற அளவுக்கு ஒட்டிக்கொள்வான்.

"என் வீட்டுக்காரர் இன்னிக்கு சாயங்காலம் என்னைக் கொல்லப் போறார்," என்றாள் அந்த அம்மாள். காற்றுக்கும் கேட்காத குரல்.

"மணி சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும் மேடம்," என்றான் கோந்து. "டிபன் நேரத்துல சார் எந்தக் கொலையையும் தடுக்கறதில்ல."

நிதானம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. மெதுவா சொல்லுங்க. எனக்கு வேகமா சொன்னா புரியாது."

அவள் பாட்டு டீச்சர். கணவர் எலும்பு டாக்டர். ஊரில் பாதிப் பேரின் கால்களை நேராக்கியவர். வீட்டில் அவர் ஒயின் சேர்த்து வைக்கிறார். மாடிப்படிக்குக் கீழே அதற்கென்று தனி அறை, குளிரூட்ட ஒரு மிஷின். இன்று இருவருக்கும் கல்யாண நாள்.

"ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஒரு பழைய பாட்டில் திறப்போம். எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. எந்த பாட்டில்னு நான்தான் தேர்ந்தெடுப்பேன். முந்தின நாள் காலைல அதோட கழுத்துல ஒரு நீல ரிப்பன் கட்டுவேன். அதுவரைக்கும் எதுன்னு அவர்கிட்ட சொல்ல மாட்டேன். திறந்து ஊத்தறது அவர். முதல் வாய் குடிக்கறது நான். தேர்ந்தெடுத்தவங்கதானே கெட்டுப்போயிருந்தா முகம் சுளிக்கணும்?"

"நியாயமான ஏற்பாடு," என்றார் நிதானம்.

"இன்னிக்குக் காலைல அந்த ரூம் கதவைத் திறந்தேன். குப்புன்னு வினிகர் வாசனை மூஞ்சில அடிச்சுது. ஒயின் எங்கயாவது கசிஞ்சா அப்படித்தான் அடிக்கும். தேடிப் பார்த்தா, ரிப்பன் கட்டின பாட்டிலோட மூடி அரக்குல ஒரு ஓட்டை. ஊசி ஓட்டை. மேல மெழுகை உருக்கி அடைச்சிருக்கு."

"வீட்ல ஊசி இருக்கா?"

"எலும்பு டாக்டர் வீட்ல வேற என்னங்க இருக்கும்?"

கோந்து வாயை மூடிக்கொண்டான். அது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற அதிசயம்.

"உங்களை எதுக்கு அவர் கொல்லணும்?"

"ஒயின் ரூம் நிரம்பிடுச்சு. வீட்ல பாக்கி இருக்கறது என் பாட்டு ரூம் ஒண்ணுதான். நான் விட மாட்டேன்னுட்டேன்." அவள் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கின. "பாட்டிலை எடுத்துட்டுப் போயிடாதீங்க. அவர் உஷாராயிட்டா வேற வழி தேடுவார். நீங்க மிஷின் ரிப்பேர்காரங்களா வந்து ஓட்டையை மட்டும் கண்ணால பார்த்துக்குங்க. சாயங்காலம் பக்கத்துலயே இருங்க. அவர் ஊத்தினதும் நான் போன் பண்றேன். சத்தியமா உதட்டுல வைக்க மாட்டேன். வந்து கையும் களவுமா பிடிங்க."

போகும்போதும் படிகள் வாய் திறக்கவில்லை.

மதியம் இருவரும் ரிப்பேர்காரர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில்தான் அந்தச் சம்பவம். குப்பை லாரி ஒன்று திரும்பியது. கோந்து திரும்பவில்லை. லாரி அடியில் தேங்கியிருந்த கரும்பச்சைத் தண்ணீர் முழுவதும் அவன் மேல் பொழிந்தது. அந்த நாற்றத்தை வர்ணிக்கத் தனிப் புத்தகம் போட வேண்டும். எதிரே வந்த நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோனது. குப்பை லாரி ஓட்டுநரே மூக்கைப் பொத்திக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"திரும்பிப் போய் குளிச்சுட்டு வரவா சார்?"

"நேரம் இல்ல."

"நீங்களா சார் இதைச் சொல்றீங்க?"

வீட்டு வாசலில் அழைப்பு மணி இல்லை. கதவின் உள்பக்கம் மெத்தைபோலத் தடித்த துணி அடித்திருந்தது. வெளிச்சுவரில் மின்சாரப் பெட்டி. ரிப்பேர்காரர் என்ற வேஷத்துக்குப் பொருத்தமாக நிதானம் அதைத் திறந்து மெயின் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்து மூடினார். சொன்ன நேரத்துக்குக் காத்திருந்த டீச்சர் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரே இருட்டு. ஜன்னல் திரைகளைக் கழற்றி விரித்தால் இரண்டு சர்க்கஸ் கூடாரம் போடலாம், அத்தனை கனம். செருப்பைக் கழற்றியதும் டீச்சர் கம்பளிச் செருப்பு கொடுத்தாள். அந்த வீட்டில் கொசுகூட கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்டுதான் பறக்கும் என்று தோன்றியது. எங்கிருந்தோ ஒரு மெல்லிய உறுமல் மட்டும் விடாமல் கேட்டது, பக்கத்து அறையில் ஏதோ மிருகம் தூங்குவதுபோல.

"மிஷின் சத்தம்," என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பின்னாலேயே டாக்டர் வந்தார். உயரமான மனிதர், சிரிக்காத முகம். "அந்தச் சத்தம் நின்னா எனக்கு நெஞ்சு நின்ன மாதிரி. நல்லா பாருங்க." சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். "என்ன நாத்தம் இது?"

"குப்பை லாரி சார். எனக்கும் அதுக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு," என்றான் கோந்து.

"நீ அந்த ரூமுக்குள்ள காலை வைக்கக் கூடாது. இந்த நாத்தம் கார்க் வழியா ஒயினுக்கே ஏறிடும். இங்கயே இரு."

டீச்சர் கோந்தைத் தன் பக்கத்துச் சோபாவில் உட்காரவைத்தாள். டாக்டர் கைக்குட்டையை எடுக்காமலே நிதானத்தை உள்ளே அழைத்துப் போனார்.

மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழையும் அறை. மின்மினி ஒன்று தூக்கக் கலக்கத்தில் இருந்தால் எவ்வளவு வெளிச்சம் தருமோ, அவ்வளவு தந்தது பல்பு. சுவர் முழுக்க மரச்சட்டங்கள். அவற்றில் நூற்றுக்கணக்கான பாட்டில்கள் படுத்திருந்தன. பிணவறையில் இழுப்பறைகளைப் பார்த்ததுபோல நிதானத்துக்கு முதுகு சில்லிட்டது. குளிர் மட்டும் காரணமில்லை.

"ஏன் எல்லாம் படுத்திருக்கு?"

"படுத்திருந்தாத்தான் கார்க் நனைஞ்சே இருக்கும். காய்ஞ்சா சுருங்கும், காத்து புகுந்துடும், அப்புறம் செத்துடும்." டாக்டர் ஒரு பாட்டிலின் கழுத்தை விரலால் தடவினார். "வெளிச்சம் ஆகாது. சூடு ஆகாது. அதிர்ச்சி ஆகாது. வாசனை ஆகாது. இருட்டுல, அசையாம, சத்தமில்லாம வெச்சிருந்தா எத்தனை வருஷமும் கிடக்கும்."

ஓரத்து மேஜையில் ஒரே ஒரு பாட்டில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் நீல ரிப்பன்.

"அது மட்டும் நிக்குதே?"

"திறக்கறதுக்கு முந்தின நாள் நிக்க வைக்கணும். அடிமண்டி கீழ இறங்கும். நேத்துக் காலைல அவ ரிப்பன் கட்டினா, உடனே எடுத்து நிக்க வெச்சேன். அதுக்கப்புறம் தொடல." அவர் முதல் முறையாகப் புன்னகைத்தார். புன்னகைக்காமலே இருந்திருக்கலாம். "இன்னியோட அதுக்கு ஆயுசு முடியுது."

அவர் மிஷின் பக்கம் திரும்பியதும் நிதானம் சின்ன டார்ச்சை எடுத்தார். பாட்டில் மூடியில் கருஞ்சிவப்பு அரக்கு. நடுவில் மிளகு அளவுக்கு வேறொரு சிவப்பு. டீச்சர் சொன்னது சரி. யாரோ ஊசி குத்தி மெழுகால் அடைத்திருக்கிறார்கள். பிறகு டார்ச்சைச் சட்டத்தின் மேல் ஓட்டினார். நேற்றுவரை அந்த பாட்டில் படுத்திருந்த காலி இடம். கழுத்து இருந்த இடத்துக்கு நேர் கீழே மரத்தில் ஒரு கருஞ்சிவப்புக் கறை. விரலை வைத்தார். பிசுபிசுத்தது.

தெருமுனை பேக்கரியில் இருவரும் போனுக்காகக் காத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் முதலில் அவர்களை மூலை மேஜைக்கு மாற்றினார், பிறகு வாசலுக்கு, கடைசியில் நடைபாதைக்கு. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிதானம் ஒரு பன்னை எடுத்து, அதன் வாழ்க்கை வரலாற்றைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைப் பார்த்தாலே கொலைகாரன்னு நெத்தில எழுதி ஒட்டியிருக்கு சார்," என்றான் கோந்து. "அந்தம்மா தங்கம். எனக்கு ஒரே வருத்தம். இந்தக் கோலத்துல என்னை மனுஷனா மதிச்ச ஒரே ஜீவன் அவங்கதான். பக்கத்துல உட்கார வெச்சு டீ குடுத்தாங்க. காதோரம் குனிஞ்சு, 'எனக்கு பயமா இருக்கு தம்பி'ன்னாங்க. ஒரு தடவைகூட மூக்கைச் சுளிக்கல. பெத்த தாயா இருந்தாலும் இந்நேரம் என்னைத் தத்துக் குடுத்திருப்பா."

பன் பாதி வழியில் நின்றது.

"திரும்பச் சொல்லு."

"எது சார்? தத்தா?"

"மூக்கைச் சுளிக்கல."

"சுளிக்கல. குழந்தையைக் கொஞ்சற மாதிரி மூஞ்சியைக் கிட்ட வெச்சுப் பேசினாங்க."

நிதானம் பன்னைக் கீழே வைத்தார். "உன் பக்கத்துல உட்கார்ந்து வாசனை தெரியாத ஒருத்திக்கு, கதவைத் திறந்ததும் வினிகர் வாசனை எப்படித் தெரிஞ்சுது?"

கோந்து தன் சட்டையை மோந்து பார்த்தான்.

"இன்னொண்ணு. பாட்டில் படுத்திருந்த இடத்துக்குக் கீழ கறை இருந்துது. நிக்கிற பாட்டில்ல ஓட்டை போட்டா ஒழுகாது. படுத்திருந்தப்பவே குத்தியிருக்காங்க. அதாவது ரிப்பன் கட்டறதுக்கு முன்னாடியே. அத்தனை பாட்டில்ல இதுக்குத்தான் ரிப்பன் விழும்னு, ரிப்பன் விழறதுக்கு முன்னாடி யாருக்குடா தெரியும்?"

"ரிப்பன் கட்டறவங்களுக்கு."

"மூக்கு இல்லாதவளை முதல்ல குடிக்கச் சொல்லி என்ன பிரயோஜனம்? நல்லா இருக்கா, கெட்டுப்போச்சான்னு அவ எப்படிச் சொல்லுவா? அப்போ இந்த வருஷம் முதல் வாய் யாருக்கு?"

கோந்து துள்ளி எழுந்தான். "அவர் குடிச்சுட்டுச் செத்தா, பொண்டாட்டிக்கு வெச்சதை மறந்துபோய் அவரே குடிச்சுட்டார்னு ஊர் பேசும். அதுக்கு சாட்சி..."

"நாமதான். ஓட்டையைக் கண்ணால பார்த்துக்கச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாளே. போன் வரும். எல்லாம் முடிஞ்ச பிறகு வரும்."

அடுத்து நடந்ததை அந்தத் தெருக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை. நிதானம் ஓடினார். நாற்காலி ஒரு பக்கம், பன் ஒரு பக்கம் பறக்க, முழங்கால் மூட்டுகள் பட்டாசுபோல வெடிக்க, ஒரு சைக்கிள்காரரை முந்திக்கொண்டு ஓடினார். கோந்துக்குப் பின்தொடரவே மூச்சு வாங்கியது.

கதவு சாத்தியிருந்தது. நிதானம் இரண்டு கைகளாலும் அறைந்தார். மெத்தைத் துணி அத்தனை அடியையும் விழுங்கியது. தலையணையைக் குத்துவதுபோலத்தான் சத்தம் வந்தது. கோந்து உதைத்தான், கத்தினான். ஜன்னலுக்கு ஓடினான், உள்ளே கூடாரத்திரை. டீச்சரின் போனுக்கு அடித்தார்கள். எடுக்கவில்லை. டாக்டர் எண்ணை இருவரும் வாங்கி வைக்கவே இல்லை. திரையின் இடுக்கில் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் அசையாமல் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மிருகம் உறுமிக்கொண்டே இருந்தது.

நிதானம் அந்த உறுமலைக் கேட்டார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயினை இழுத்து விட்டார்.

உறுமல் நின்றது.

ஒரு கணம். உள்ளே நாற்காலி விழுந்தது. கம்பளிச் செருப்புகள் தடதடவென்று ஓடிவந்தன. அந்த வீட்டில் அத்தனை சத்தம் அதுவரை எழுந்திருக்காது. கதவு திறந்தது.

"மிஷின் நின்னுடுச்சு," என்றார் டாக்டர். "என்னய்யா ரிப்பேர் பண்ணீங்க?"

"குடிச்சீங்களா?" நிதானம் அவர் சட்டையைப் பிடித்தார். "கேக்கறேன் இல்ல, குடிச்சீங்களா?"

"வாய்கிட்ட கொண்டுபோனேன். அதுக்குள்ள நின்னுடுச்சு. யாருய்யா நீ?"

சாப்பாட்டு மேஜையில் இரண்டு மெழுகுவத்தி. ரிப்பன் கட்டிய பாட்டில் திறந்திருந்தது. ஒரு கிளாஸில் மட்டும் ஒயின். டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் மேஜைமேல் குப்புறக் கிடந்தது.

"ஊத்தினதும் போன் பண்றதா சொன்னீங்க," என்றார் நிதானம்.

"இப்பத்தான் எடுக்கலாம்னு..."

"கோந்து, மேடத்துக்குப் பக்கத்துல போய் நில்லு."

கோந்து போய் நின்றான். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டரே கைக்குட்டையைத் தேடினார். டீச்சரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"என்ன வாசனை வருது மேடம்?"

அவள் கோந்தைப் பார்த்தாள், மெழுகுவத்தியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "ஒயின் வாசனை," என்றாள்.

"எதுக்குங்க அவளைப் போட்டுச் சோதிக்கறீங்க?" டாக்டர் குறுக்கே வந்தார். "போன மழைக்காலத்துல ஒரு காய்ச்சல். அதுல அவளுக்கு மூக்கு போயிடுச்சு. வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாம்னா. அதான் இப்பல்லாம் நான் முதல்ல குடிச்சுப் பார்க்கறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டதுபோல, மெதுவாகக் கிளாஸின் பக்கம் திரும்பினார்.

"காலைல உங்க மனைவி என் ஆபீசுக்கு வந்தாங்க," என்றார் நிதானம். பழைய வேகம் திரும்பியிருந்தது; ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார். "நீங்க அவங்களை விஷம் வெச்சுக் கொல்லப் போறதா சொன்னாங்க. வினிகர் வாசனையை வெச்சுக் கண்டுபிடிச்சாங்களாம். அந்த பாட்டில் மூடியில ஊசி ஓட்டை இருந்துது. அது நீங்க நிக்க வைக்கறதுக்கு முன்னாடி போட்டது. ரிப்பன் விழறதுக்கும் முன்னாடி."

உறுமல் இல்லாத அந்த வீடு புதைகுழிபோல இருந்தது.

டீச்சர் எழுந்தாள். ஜன்னலுக்குப் போய் அந்தக் கனத்த திரையை இரண்டு கைகளாலும் இழுத்தாள். கடைசி வெயில் உள்ளே விழுந்து மேஜைவரை வந்தது.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் பூ வெச்சதில்ல," என்றாள். இப்போது ரகசியக் குரல் இல்லை. பாட்டுக்காரியின் குரல், கணீரென்று சுவரில் மோதியது. "வாசனை ஆகாது. வெளிச்சம் ஆகாது. அதிருதுன்னு பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறதையும் நிறுத்தினார். நடந்தா சத்தம், சிரிச்சா சத்தம். இருட்டுல, அசையாம, சத்தமில்லாம. அவர் ரூமுக்குள்ள வெச்சிருக்கற பாட்டிலுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், என்னை அவர் துடைச்சு வைக்கல. பாக்கி இருந்தது வருஷத்துல ஒரு வாய் ருசி. அதுவும் போச்சு. நாக்குல எதை வெச்சாலும் தண்ணிதான். அன்னிக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'பரவால்ல, நான் குடிச்சுச் சொல்றேன்'னார்."

நிதானம் போலீசுக்குப் பேசிவிட்டு, கிளாஸையும் பாட்டிலையும் தன் பக்கம் நகர்த்திவைத்தார். டாக்டர் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. அழப்போகிறார் என்று கோந்து நினைத்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்போகிறார் என்று நிதானம் நினைத்தார்.

"முதல்ல யாராவது அந்த மெயினைப் போடுங்க," என்றார் டாக்டர். "உள்ள சூடேறிட்டிருக்கு."

டீச்சர் நிதானத்தைப் பார்த்தாள். "கேட்டீங்கல்ல?"

அவள் பாட்டிலின் கழுத்திலிருந்து நீல ரிப்பனை அவிழ்த்தாள். தன் இடது மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வெயில் விழுந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, போலீசுக்காகக் காத்திருந்தாள்.

கோந்து ஏதாவது சொல்வான் என்று நிதானம் எதிர்பார்த்தார். அவன் வெளியே போய் மெயினைப் போட்டான்.

மாடிப்படிக்குக் கீழே அந்த உறுமல் மறுபடி தொடங்கியது. அதைக் கேட்டதும் டாக்டரின் முகத்தில் பரவிய நிம்மதியை நிதானம் பார்த்தார். அந்த நாள் முழுவதும் நிதானம் உண்மையில் பயந்தது அப்போதுதான்.